சிவப்பு ஜாக்கெட்டின் இடது பக்கம்

“அவர் சட்டையைத் திற, பால்மி.”

ஸ்வாவா ஒருபோதும் கேட்கக்கூடாது என்று சொல்லப்பட்ட விஷயம் அது. வசந்தத்தில், மலையேறுகிறவர்களின் உடம்பைப் பரிசோதிக்கிற வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி ஆஸ்கெய்ர் விரலை நீட்டிச் சொல்லியிருந்தான்: பனியாறு ஏற வருகிறவன் விருந்தாளி. நாடியைப் பிடி, பெஞ்சில் ஏறி இறங்கச் சொல், அதோடு நிறுத்து. சட்டையைத் திறக்கச் சொல்லாதே. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்காதே. ஆளை வெங்காயம் மாதிரி உரிக்கிற இடம் ஆஸ்பத்திரி, இது இல்லை.

விருந்தாளி இப்போது கொட்டகைத் தரையில், மீட்புக் குழுவின் சறுக்குவண்டியில் உயிரில்லாமல் கிடந்தார். பெயர் வீபெ. ஹாலந்துக்காரர், அறுபது தாண்டியவர். எரிமலையின் தோளில் படர்ந்து கிடக்கும் பனியாற்றில் காலையில், தான் அழைத்துவந்த கூட்டத்தோடு ஏறினார். மதியம் இரண்டே காலுக்கு நான்கு பேர் இழுத்துக்கொண்டு வந்து இறக்கினார்கள். காலில் கட்டிய இரும்பு முட்களைக்கூட யாரும் இன்னும் கழற்றவில்லை.

“டாக்டர் வரட்டும்,” என்றான் ஆஸ்கெய்ர். “இது நம்ம வேலை இல்ல.”

“காலையில கேட்க வாயெடுத்தேன். அப்பவும் நீதான் குறுக்கே வந்தே,” என்றாள் ஸ்வாவா.

பால்மி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தக் கரைக்கு அவர்தான் போலீஸ். ஊரின் மீட்புக் குழுவிலும் இருக்கிறார். அந்தக் குழுவுக்குத் தலைவன் ஆஸ்கெய்ர். போன குளிர்காலத்தில் பால்மியின் வண்டி ஆற்றில் இறங்கியபோது கயிறு போட்டு இழுத்தது ஆஸ்கெய்ரின் கை. இருந்தாலும் பால்மி குனிந்தார், சிவப்பு ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினார், உள்சட்டையை மேலே தள்ளினார்.

கழுத்துக் குழியிலிருந்து நெஞ்செலும்பின் அடிவரை ஒரே நேர்கோடு. பழைய தழும்பு, வெளுத்துப்போனது. நெஞ்சைப் பிளந்து, இதயத்தைச் சரிபார்த்து, திரும்பத் தைத்த கோடு.

“பாவி மனுஷன்,” என்றான் ஆஸ்கெய்ர். “நம்மகிட்ட மறைச்சுட்டானே.”

அந்த வார்த்தை கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டதாக ஸ்வாவாவுக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவது சாட்சி ஆகாது.

மூன்று மணிக்கு எல்லோரும் காப்பி அறையில் இருந்தார்கள். வெளியே ஐஸ்லாந்து மழை, வழக்கம்போலப் படுக்கைவாட்டில். சறுக்குவண்டியை இழுத்த நால்வரில் மூன்று பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான்காமவர் ஓட்டார் மட்டும் மூலையில் உட்கார்ந்து, காய்ந்த மீனில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஊர்க் குளத்தின் காவலாளி. மலைமாதிரி உடம்பு, அதற்கேற்ற தொண்டை. இன்றைக்கு அந்தத் தொண்டையைக் காணோம்.

பால்மி கேட்கத் தொடங்கினார். முதலில் வழிகாட்டி ரூனார். முப்பது வயது, பனியாற்றைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாதவன்.

“மேலே ஏதாவது சொன்னாரா?”

“முதல் பிளவைத் தாண்டினதும், நெஞ்சு கொஞ்சம் இறுக்குதுன்னார்.”

“நீ?”

“அவர் கையில கட்டியிருந்த நாடிக்கடிகாரத்தைப் பார்த்தேன். தொண்ணூறுகூட இல்ல. நாடி சிவப்புக்கோட்டைத் தொடலைன்னா நடத்திக்கிட்டே போன்னுதான் இங்க விதி. நடத்தினேன்.”

“அப்புறம்?”

ரூனார் காப்பிக் குவளையைத் திருப்பினான். “அப்புறம் விழுந்துட்டார்.”

ஆஸ்கெய்ர் அவன் தோளில் கை வைத்தான். அப்பனைப்போல, நண்பனைப்போல. “பாரு பால்மி, பையன் கெட்டவன் இல்ல. ஆனா நெஞ்சு இறுக்குதுன்னு ஒருத்தர் சொன்னா திரும்பியிருக்கணும். அவனே ஒத்துக்கறான். இல்லியா ரூனார்?”

ரூனார் தலையாட்டினான். ஏற்கெனவே ஒருமுறை ஆட்டிப் பார்த்து வைத்திருந்த தலையாட்டல்.

பால்மி பேனாவை மூடினார். “அப்போ விஷயம் இதுதான். மறைச்சது செத்தவர். கவனிக்காம நடத்தினது ரூனார். வேற யாருக்கும் தெரியாது. ரூனாரோட வழிகாட்டி லைசென்ஸ் போகும், வழக்கும் வரும். வேற யாருக்காவது முன்னாடியே தெரிஞ்சிருந்தா கதை வேற.”

“வேற யாருக்குத் தெரியும்?” என்றான் ஆஸ்கெய்ர்.

அந்தக் கேள்வியை ஸ்வாவா எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவளுக்குக் காலைக் காட்சி திரும்பத் திரும்ப வந்தது. வீபெ பெஞ்சில் ஏறி இறங்கினார். மூச்சு வாங்கியது, மேலுதட்டில் வியர்வை, உதட்டோரம் வெளுப்பு. மணிக்கட்டைப் பிடித்தால் நாடியோ நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படிக்கிறவனுடையதைப்போல நிதானமாக ஓடியது. ஆஸ்கெய்ர் அவர் முதுகில் தட்டி, காளை என்றான். அது காளையின் நாடி இல்லை. மூச்சு இரைக்கிறது, நாடி மட்டும் ஏறவில்லை என்றால், மாத்திரை போட்டு நாடிக்குக் கடிவாளம் கட்டியிருக்கிறார்கள். இதயநோயாளிகளுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். மாத்திரை பற்றிக் கேட்க அவள் வாயைத் திறந்தபோது, ஆஸ்கெய்ர் குறுக்கே வந்து விருந்தாளியின் தோளை அணைத்துப் படம் எடுக்க அழைத்துப்போய்விட்டான்.

அதே கடிவாளம் போட்ட நாடியைப் பார்த்துத்தான் ரூனாரும் மேலே நடத்தியிருக்கிறான். பிழை அவன் கண்ணில் இல்லை. ‘நாடி சொல்வதே வேதம்’ என்று எழுதி ஒட்டியவனிடம் இருந்தது.

அவள் ரூனாரைக் கொட்டகை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“விழுறதுக்கு முன்னாடி என்ன பண்ணார்? சரியாச் சொல்லு.”

“நெஞ்சுல அடிச்சுக்கிட்டார். வலி.”

“எப்படி அடிச்சுக்கிட்டார்? செஞ்சு காட்டு.”

ரூனார் தயங்கி, வலது உள்ளங்கையால் இடது மார்பைத் தட்டினான். மறுபடி தட்டினான். பிறகு விரல்கள் அவனை அறியாமல் துணியைச் சுரண்டின. செய்துகொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

“வலிச்சா அழுத்திப் பிடிப்பாங்க,” என்றாள் ஸ்வாவா. “இது எதையோ தேடற கை.”

உலர்த்தும் அறையில் கம்பளி நாற்றமும் ரப்பர் நாற்றமும் அடித்தன. கொக்கிகளில் வாடிக்கையாளர்களின் சொந்த ஜாக்கெட்டுகள் தொங்கின. மலையேறும்போது எல்லோரும் கம்பெனிச் சிவப்பைத்தான் போட வேண்டும். வெள்ளைப் பனியில் சிவப்பு வரிசை, படம் அழகாக வரும். ஆஸ்கெய்ரின் விதி. வீபெயின் நீல ஜாக்கெட்டை அவர் மனைவி ஃபெம்கெ அடையாளம் காட்டினார். மூட்டுவலியால் காலையில் கீழேயே தங்கிவிட்டவர். அழவில்லை. அழுவதற்கு இன்னும் உத்தரவு வராதவர்போல நின்றார்.

நீல ஜாக்கெட்டின் இடது மார்பில் ஒரு பை. உள்ளே விரல் நீளத்தில் ஒரு ஸ்பிரே. நெஞ்சு இறுக்கினால் நாக்குக்கு அடியில் அடிக்கிற மருந்து.

கம்பெனிச் சிவப்பில் இடது மார்பில் பை இல்லை. அங்கே கம்பெனியின் முத்திரை தைத்திருக்கிறது. முத்திரையைத்தான் அவர் தட்டித் தட்டிச் சுரண்டியிருக்கிறார்.

ஃபெம்கெ ஸ்பிரேயைக் கையில் வாங்கி, பொத்திக்கொண்டார்.

“போகாதீங்கன்னு சொன்னேன்,” என்றார் ஆங்கிலத்தில். “அங்க பரிசோதனை பண்றாங்களாம், வேண்டாம்னா அவங்களே நிறுத்துவாங்கன்னார். அவர் பொய் சொல்றவர் இல்லம்மா. ‘முழு ஆரோக்கியம்’னு அச்சடிச்ச தாளை நீட்டினாங்க, எல்லாரும் போட்ட மாதிரி இவரும் கையெழுத்துப் போட்டார். வாயைத் திறந்து யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பார்.”

“நேத்து சாயங்காலம் எங்க இருந்தார்?”

“குளத்துக்குப் போனார். முகமெல்லாம் சிவந்து திரும்பி வந்தார். பள்ளிக்கூடப் பையனைத் திட்டற மாதிரி யாரோ திட்டிட்டாங்களாம். எதுக்குன்னு சொல்லலை. ஆனா உங்க ஆஸ்கெய்ர் ரொம்ப நல்லவர், கூட நின்னு சமாளிச்சார்னு மட்டும் சொன்னார்.”

ஸ்வாவா வீபெயின் நீல ஜாக்கெட்டை எடுத்து மடித்து ஃபெம்கெயின் கையில் கொடுத்தாள். காலியான கொக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்கு மணிக்கு அவள் காப்பி அறைக்குத் திரும்பியபோது கம்பளி ஸ்வெட்டரோடு மட்டும் இருந்தாள். அறை சூடாகத்தான் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஃபெம்கெ பின்னால் வந்து கதவோரம் உட்கார்ந்தார்.

“பால்மி, ஆஸ்கெய்ரை ஒரு கேள்வி கேளு,” என்றாள் ஸ்வாவா. “வீபெயை எப்போ கடைசியா நிதானமாப் பார்த்துப் பேசினான்னு.”

ஆஸ்கெய்ர் சிரித்தான். “படிச்ச பொண்ணு விசாரணை ஆரம்பிச்சுட்டா. உங்கம்மா மீன் பாக்டரியில துண்டு வெட்டற வேகத்துல நீ கேள்வி வெட்டறே.”

“அம்மா முள்ளை விடமாட்டா,” என்றாள் ஸ்வாவா.

இந்த ஊரில் முதலாளியையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் யாரும் யாருக்கும் சமமாகிவிடவில்லை.

பால்மி பேனாவைத் திறந்தார். “எப்போ பார்த்தே?”

“நேத்து சாயங்காலம். குளத்துல, வெந்நீர்த் தொட்டியில.”

“தழும்பைப் பார்த்தியா?”

“எங்கேர்ந்து பார்க்கறது? கழுத்துவரைக்கும் கறுப்புக் குளியல் சட்டை போட்டிருந்தார், முழுக்கை. தொட்டியில அஞ்சு பேர் இருந்தோம், யாரை வேணா கேளு. தண்ணிக்கு மேல தலை மட்டும்தான். மலையிலேர்ந்து ஆட்டு மந்தையை இறக்கறதைப் பத்திப் பேசினோம். இதயத்தைப் பத்திப் பேசலை.”

பால்மி எழுதிக்கொண்டார். “சரியாத்தான் இருக்கு. என் மச்சானும் தொட்டியில இருந்தான். கறுப்புச் சட்டையோட ஒரு ஹாலந்துக்காரர் வந்தார்னு நேத்து ராத்திரியே சொன்னான்.”

“எல்லாமே உண்மை,” என்றாள் ஸ்வாவா. “தொட்டிக்குள்ள யாரும் தழும்பைப் பார்க்கலை. ஆனா பால்மி, நீ இந்த ஊர்ல பிறந்தவன். வாசல்லேர்ந்து நேராத் தொட்டிக்கு எப்பவாவது போயிருக்கியா?”

பால்மியின் பேனா நின்றது.

வாசலுக்கும் தொட்டிக்கும் நடுவில் குளியலறை இருக்கிறது. சோப்புப் போட்டு, துணியில்லாமல் குளிக்காமல் இந்த நாட்டில் எவனும் தண்ணீரில் இறங்கியதில்லை. பாதிரியாரானாலும் சரி, பால் கறக்கிறவனானாலும் சரி. கறுப்புச் சட்டையோ பட்டுச் சட்டையோ, அதற்குப் பிறகுதான் உடம்பில் ஏறும். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். மூச்சு விடுவதை யாரும் சம்பவமாகச் சொல்லாததுபோல இதையும் யாரும் சொல்வதில்லை. ஆஸ்கெய்ர் அதை மறைக்கவில்லை. அவனுக்கு அது நினைவிலேயே இல்லை. வெளியூர்க்காரன் பொய் சொல்லியிருந்தால் முதலில் குளியலறையைத்தான் மறைத்திருப்பான். உள்ளூர்க்காரன் அதைத் தாண்டி நடந்துவிட்டான்.

“குளியலறையில எவனும் எவனையும் பார்க்கறதில்ல,” என்றான் ஆஸ்கெய்ர். குரலில் முதல்முறையாக அவசரம். “தெரியாதா உனக்கு? சுவத்தைப் பார்த்துக் குளிச்சுட்டு வந்துருவோம்.”

“தெரியும். அதனாலதான் உன்னைக் கேட்கலை. அங்க பார்க்கறதையே வேலையா வெச்சிருக்கிற ஆளைக் கேட்கறேன்.” அவள் மூலைக்குத் திரும்பினாள். “ஓட்டார். நேத்து ஹாலந்துக்காரரைத் திட்டினது நீதானே?”

ஓட்டார் மீனைக் கீழே வைத்தார். விரல்களைத் துடைத்தார். 

“குளியலறையில பார்த்தது குளியலறையோட. நாம அப்படித்தான் வளர்ந்தோம், ஸ்வாவா. உங்கம்மாவும் உன்னை அப்படித்தான் வளர்த்தா.”

“செத்தவருக்கும் அந்த மரியாதையா? இல்ல உயிரோட இருக்கறவனுக்கா?”

ஓட்டார் கதவோரம் பார்த்தார். ஃபெம்கெயின் மடியில் நீல ஜாக்கெட் இருந்தது. அவருக்கு இந்த மொழி புரியாது. எல்லோருடைய முகத்தையும் படித்துக்கொண்டிருந்தார்.

“சட்டையோட உள்ள நழுவப் பார்த்தார்,” என்றார் ஓட்டார். “நான் கத்தினேன். கழட்டு, சோப்புப் போடுன்னு. இங்கிலீஷ்ல கத்தினேன், அது இன்னும் மோசமாக் கேட்கும். பக்கத்துக் குழாய்ல நின்ன ஆஸ்கெய்ர் காதுல அவர் ஏதோ முணுமுணுத்தார். ஆஸ்கெய்ர் என்கிட்ட வந்தான். மெதுவாச் சொன்னான்...”

“ஓட்டார்,” என்றான் ஆஸ்கெய்ர்.

“‘கத்தாதே, ஆளுக்கு நெஞ்சைத் திறந்து தைச்சிருக்காங்க, கூச்சப்படறார்’னு சொன்னான். எனக்கே வெட்கமாப் போச்சு. அவர் கழட்டினார். குளிச்சார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.”



“ஆஸ்கெய்ருக்கு நேத்தே தெரியும்,” என்றாள் ஸ்வாவா. “இன்னிக்குக் காலையில பெஞ்சுல அவர் இரைச்சதையும் பார்த்தான். நான் கேட்க வாயெடுத்தா வெளிய வந்துரும்னு நடுவுல புகுந்தான். அவரோட ஜாக்கெட்டைக் கழட்டவெச்சு, இடது பக்கம் பையில்லாத இந்தச் சிவப்பை மாட்டி அனுப்பினான். ஸ்பிரே பையில இருந்தது அவனுக்குத் தெரியாம இருக்கலாம். இதயம் தைச்ச இதயம்னு தெரியும். மேல ஆள் செத்ததும் கீழ இன்னொரு ஆளைத் தேடினான். ரூனார் கிடைச்சான்.”

“ஸ்பிரே இருந்திருந்தா பிழைச்சிருப்பாரா?” பால்மி கேட்டார்.

“தெரியாது. கீழ நிறுத்தியிருந்தா இப்போ இங்க காப்பி குடிச்சுக்கிட்டிருப்பார்.”

ஆஸ்கெய்ர் எழுந்தான். கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குக் கசந்தது. அவனுக்கு நியாயம் இருந்தது, அதை அவன் நம்பவும் செய்தான்.

“முப்பது பேர் வந்த குழு. அதுக்குத் தலைவர் அவர். அவரை நிறுத்தினா மொத்தக் கூட்டமும் மலைக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தன்கிட்டப் போகும். அடுத்த கோடையும் அவன்கிட்டத்தான். இந்த ஊர்ல யாருக்கு எங்க வேலை இருக்கு, சொல்லு? நடக்கணும்னு அந்த மனுஷனே ஆசைப்பட்டார். நான் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளலை. நான் டாக்டரா?”

“இல்ல. அதுக்காகத்தானே என்னை வெச்சிருந்தே.”

 பால்மி எழுதினார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தும் கல்லில் வெட்டுவதுபோல. எழுதி முடித்து ஓட்டாரிடம் நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார், ஸ்வாவாவிடமும். ஆஸ்கெய்ரிடம், நீ இப்பவே என்கூட வரணும் என்றார். சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை. ஆற்றிலிருந்து இழுத்த கயிறு இன்னும் அவர் கழுத்தில் இருந்தது.

ஸ்வாவா ரூனாரைப் பார்த்தாள். அவன் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. சும்மா நிமிர்ந்து பார்த்தால் போதும் என்றிருந்தது.

“யார் கேட்டா உன்னை?” என்றான் ரூனார். குரல் தாழ்ந்து, தட்டையாக இருந்தது. “நான் ஒத்துக்கிட்டேன்ல. ஒரு கோடை மலை லைசென்ஸ் இல்லாம இருப்பே, கம்பெனி வண்டி ஓட்டு, அடுத்த கோடை மலைக்குத் திரும்பலாம்னு சொல்லியிருந்தான். இப்போ கம்பெனியே இல்ல. மலையும் இல்ல, வண்டியும் இல்ல. உனக்குப் பட்டம் இருக்கு. ரெய்க்யாவிக் போயிருவே. நான் எங்க போவேன்? உங்கம்மா எங்க போவா? பாக்டரி அவன் அண்ணனோடதுன்னு தெரியாதா உனக்கு?”

அவளுக்குத் தெரியும். உலர்த்தும் அறையில் காலிக் கொக்கியின் முன்னால் நின்றபோது, அம்மாவின் மீன்வாடை அடிக்கிற கைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் முதல் பட்டம். அந்தப் பட்டம் கற்றுக்கொடுத்தது ஒரு கேள்வியை. அதைக் கேட்காமலிருக்கத்தான் அவளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள்.

“செய்யாததை ஒத்துக்கிட்டு வாழ உன்னால முடியும், ரூனார்,” என்றாள். “முத்திரையைச் சுரண்டின கையை மறந்துட்டு வாழ என்னால முடியாது.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஓட்டார் மேசையைப் பார்த்தார். காப்பி அறையில் அவளுக்கென்று எப்போதும் இருந்த இடம் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

ஆஸ்கெய்ர் கதவருகே நின்று தொப்பியை மாட்டிக்கொண்டான். கடைசியாக முதலாளியாக இருக்க அவனுக்கு ஒரு வாக்கியம் மிச்சமிருந்தது.

“கம்பெனி ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ.”

“உலர்த்தற அறையில, வீபெயோட கொக்கியில தொங்குது,” என்றாள் ஸ்வாவா. “பேச வர்றதுக்கு முன்னாடியே மாட்டிட்டேன்.”

ஃபெம்கெயின் கையைப் பிடித்து எழுப்பினாள். கதவைக் காற்றுக்கு எதிராகத் தோளால் தள்ளினாள். மழை ஸ்வெட்டரைத் துளைத்தது. இருவரும் வெளியே நடந்தார்கள்.